நுரையும் நூலும்

எங்கள் வீட்டு மருமகள் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடுவாள். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போவதானாலும் ஓட்டம்தான். கல்யாணமான புதிதில், "யார் துரத்துறா உன்னை?" என்று கேட்டேன். "யாரும் துரத்தல அண்ணி, பால் பொங்குது" என்றாள். போய்ப் பார்த்தால் பால் பொங்கவில்லை. பொங்குவதற்கு முன்னாலேயே ஓடுகிறவள் அவள்.

என் தம்பி மனைவி. அவளுக்கும் எனக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் வேலை. அவள் மேல்வகுப்புகளுக்கு உயிரியல் டீச்சர். நான் அலுவலக அறையில் உட்கார்ந்து சான்றிதழ் அடிக்கிறேன், தொலைபேசியை எடுக்கிறேன், வருகிறவர்கள் மேல் எரிந்து விழுகிறேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, இலவசமாகத்தான் செய்கிறேன்.

பிள்ளைகள் அவளுக்கு 'மின்னல் மிஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு கையால் கரும்பலகையில் படம் போடுவாள், அதே நேரம் மறு கையால் அழிப்பாள். எழுதி முடிக்காதவன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் அவள் வகுப்பென்றால் ஒருத்தனும் கொட்டாவி விடமாட்டான். தவளையின் இதயத்தைப் பற்றிப் பேசினால் தவளையாகவே ஆகிவிடுவாள். ஆய்வகம்தான் அவளுக்கு எல்லாம். பீக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதுகூட ஏதோ பாட்டு முணுமுணுப்பாள்.

பிறகு அந்தத் தீ விபத்து நடந்தது. அதற்கப்புறம் பிள்ளைகள் பேரை மாற்றிவிட்டார்கள். 'தீப்பெட்டி மிஸ்.' அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். பிள்ளைகள் என்றால் தேவர்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

நடந்தது இதுதான். இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முதலில் இலையின் பச்சையை எடுக்க வேண்டும், அதற்கு இலையை ஸ்பிரிட்டில் போட்டுச் சூடாக்குவார்கள். அன்றைக்கு அந்த ஸ்பிரிட்டில் குப்பென்று தீப் பிடித்தது. இவள் எரியும் பீக்கரை வெறுங்கையால் தூக்கித் தொட்டியில் வீசினாள். இடது கை முழங்கை வரை வெந்துபோனது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தலைமுடி கருகி, ஒரு காது மடலும் பொசுங்கியது. ஆய்வகத்தை அன்றே பூட்டினார்கள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா" என்று பள்ளித் தாளாளர் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

"போனது உங்க தலைப்பாகை இல்ல சார், என் பொண்ணு காது" என்றாள் அந்தம்மா.

அதற்குத் தாளாளர் ஒரு பதில் வைத்திருந்தார். கிட்டப் போகாதே என்று டீச்சர் சொல்லச் சொல்லக் கேட்காமல் இந்தப் பெண்தான் பீக்கர் மேல் குனிந்துவிட்டாளாம். அந்தம்மா மகளைத் திரும்பி முறைத்தாள். மகளை இழுத்துக்கொண்டு போனாள். பள்ளியை மாற்றவில்லை, ஆனால் ஒன்று சொல்லிவிட்டாள்: அந்த அறைக்குள் இனி மகள் கால் வைக்கக்கூடாது, அடுத்த வருஷம் உயிரியல் எடுக்கக்கூடாது. அந்தப் பெண்ணோ வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள், படிக்கிற பாடத்திலேயே உயிரியல்தான் அவளுக்கு உயிர்.

அந்தம்மா யாரோ எங்கோ இருக்கிறவள் என்றால் பரவாயில்லை. பள்ளி வாசலுக்கு நேர் எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். என் தம்பி மனைவி அதற்கப்புறம் முன்வாசல் வழியாகப் பள்ளிக்கு வந்ததே இல்லை. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள். தலைவலி மாத்திரைக்குக்கூட அடுத்த தெருக் கடைக்குத்தான் போவாள். பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆய்வகம் பூட்டியே கிடந்தது. நுண்ணோக்கியைப் படம் போட்டுக் காட்டினாள், செல்லைப் படம் போட்டுக் காட்டினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவதை நிறுத்தினாள். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அப்படியிருக்கும்போது ஆய்வக மேசைகளைப் பிடுங்கிவிட்டு அதைக் கூட்ட அறை ஆக்கப்போவதாகச் செய்தி வந்தது. கேட்டதும் தாளாளர் அறைக்குள் கதவைத் தட்டாமலே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன், சண்டை வந்தால் இழுத்து வரலாம் என்று.

தாளாளர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியின் பேர் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. பிள்ளை தப்பு செய்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கைகாட்டும் தகப்பன்.

"ஒரு வாய்ப்பு தர்றேன் டீச்சர்" என்றார். "பெத்தவங்களைக் கூப்பிடுவோம். அவங்க முன்னாடி ஒரு சோதனை செஞ்சு காட்டுங்க. நெருப்பு கூடாது, அடுப்பு கூடாது. அந்த மருந்துக்கடை அம்மாவும் வரட்டும். அவங்க பார்த்துட்டு சரின்னு சொன்னா சாவி உங்க கையில. இல்லன்னா ரூமைக் காலி பண்றோம், அடுத்த வருஷம் உயிரியல் பிரிவே வேணாம்."

உயிரியல் வேண்டாம் என்றால் உயிரியல் டீச்சர் எதற்கு? அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

இவள் தேர்ந்தெடுத்தது வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ எடுக்கும் சோதனை. வீட்டுச் சாமான்களே போதும், தீக்குச்சி வேண்டாம். ஸ்பிரிட் மட்டும் வேண்டும். அதைக் கேட்டதும் என் தம்பி முகம் செத்துப்போனது.

"மறுபடியும் ஸ்பிரிட்டா?"

"சூடே பண்ணப்போறதில்லங்க. ஐஸ் மாதிரி குளிர வெச்சு ஊத்தணும், அவ்வளவுதான்."

அவன் வண்டி பழுது பார்ப்பவன். வாயால் விவாதம் பண்ணத் தெரியாது. எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த வாரம் எங்கள் சமையலறை பட்ட பாடு! பழத்தைப் பிசைந்து, தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் உப்பும் கலக்கி, அதில் சேர்த்து, வடிகட்டி, அதன் மேல் ஸ்பிரிட்டை ஊற்ற வேண்டும். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை கலங்கலாக ஏதோ தெரிந்தது. காரணம் அவளுடைய அவசரம். வேகமாகக் கலக்குவாள், கொட்டுகிற மாதிரி ஊற்றுவாள், ஊற்றின கையோடு குலுக்கிப் பார்ப்பாள். குலுக்கினால் இழைகள் அறுந்து தூளாகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தெரியும், சொந்தக் கைக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பொறுத்தார் பூமி ஆள்வார்டி" என்றேன்.

"நீங்க எப்ப அண்ணி பொறுத்தீங்க?" என்றாள்.

கடைசியில் தன் வலது முழங்கையை மேசை மேல் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் குழாயின் ஓரமாக ஒழுகவிட்டாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பழக் கலங்கலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று மெல்ல எழும்பியது. குச்சியால் சுற்றினால் குச்சியோடு வந்தது.

"மூக்குச்சளி மாதிரி இருக்கு" என்றான் என் தம்பி.

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரிப்புச் சத்தம் கேட்டேன். அதுவரை எனக்கு அது டிஎன்ஏவா, கோந்தா என்று அக்கறை இல்லை. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அது வந்தே தீரவேண்டும் என்று எனக்கும் வெறி பிடித்துவிட்டது.

பழகிப் பழகி ஸ்பிரிட் பாட்டில் தீர்ந்துபோனது. புதிதாக ஒன்று வாங்கி, முந்தின நாள் சாயங்காலமே ஃப்ரீசரில் வைத்தாள். காலையில் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டி மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

பூட்டைத் திறந்தபோது ஆய்வகத்தில் தூசி நெடி. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டோம். பெற்றவர்கள் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். மருந்துக்கடை அம்மா முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மகளைத் தன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாளர் சட்டைப்பையில் சாவியைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நான் கதவோரம் நின்றேன். எதற்கு வந்தோம், போய் அலுவலகத்தில் உட்காரலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கால் நகரவில்லை.

"பழமானாலும் மனுஷனானாலும் சின்னச் சின்ன அறைதான்" என்று தொடங்கினாள். "செல்லுன்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு உள்ளறை இருக்கு. அதுக்குள்ளதான் டிஎன்ஏ, நூல் மாதிரி சுத்தி வெச்சிருக்கும். வாழை வாழையா வளர்றதுக்கான செய்முறை எல்லாம் அந்த நூல்லதான் இருக்கு. அதை வெளியில எடுக்கப் போறோம்."

பழத்தைப் பையில் போட்டுப் பிசைந்தாள். அறைகளின் சுவர் உடையணும், அதற்காக என்றாள். பிறகு சோப்பும் உப்பும் கலந்த தண்ணீரை ஊற்றினாள்.

"எண்ணெய்ப் பாத்திரத்துக்கு எதுக்கு சோப்பு போடறோம்?"

"எண்ணெய் விட்டுப் போறதுக்கு" என்றார் பின்வரிசையில் ஒரு அப்பா. வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர் போலிருக்கிறது.

"அதேதான். செல்லைச் சுத்தியும், அந்த உள்ளறையைச் சுத்தியும் இருக்கற உறை கொழுப்பால ஆனது. சோப்பு அதைக் கரைச்சுடும். நூல் வெளியில வந்துடும். ஆனா அந்த நூலுங்க ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், சேராது. உப்பு நடுவுல போய் அந்தச் சண்டையை அடக்கும்."

அப்படியானால் எங்கள் வீட்டு உப்பு நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வடிகட்டினாள். கலங்கலான நீரில் பாதியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மீதியைக் கிண்ணத்தில் வைத்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து அந்தப் பழுப்பு நிற பாட்டிலை எடுத்தாள். முக்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. மருந்துக்கடை அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இங்க நெருப்பு எதுவும் இல்ல" என்றாள் என் தம்பி மனைவி. ஆனால் அவளுடைய இடது கை, அந்தத் தழும்புக் கை, மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "டிஎன்ஏ தண்ணியில கரையும், ஸ்பிரிட்ல கரையாது. அதனால ஸ்பிரிட்டைப் பார்த்ததும் எல்லா நூலும் ஒண்ணா திரண்டுக்கும். ஒரு நூல் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்குல சேர்றதாலதான் தெரியுது."

ஓரமாக, மெல்ல, ஒழுகவிட்டாள். வீட்டில் பழகியது போலவே. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாங்கள் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. இன்னும் பார்த்தோம். வீட்டில் ஸ்பிரிட் கண்ணாடி மாதிரி மேலே தனியாக நின்றது. இங்கே இரண்டும் கலந்து, குழாய் முழுக்கச் சோற்றுக் கஞ்சி மாதிரி ஆனது. மேலே மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம் மிதந்தது.

தாளாளர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வந்துருச்சே! வெள்ளையா அழகா வந்துருச்சே! எல்லாரும் கைதட்டுங்க" என்றார்.

தட்டினார்கள். பெற்றவர்கள் எட்டிப் பார்த்து, "ஓ, இதுதானா!" என்றார்கள். தாளாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேவிட்டார். சாமி, போதும், வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று நான் மனசுக்குள் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன்.

அவள் சாவியைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"சார், இது டிஎன்ஏ இல்ல. சோப்பு நுரை."

தாளாளர் சிரிப்பு மாறாமலே, உதட்டை மட்டும் அசைத்து, "டீச்சர், எல்லாரும் கைதட்டிட்டாங்க" என்றார்.

"தட்டினாலும் இது நுரைதான் சார்."

அவள் பாட்டிலை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே கலகலவென்று சத்தம். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். பனிக்கட்டி.

"ஸ்பிரிட் வீட்டு ஃப்ரீசர்ல உறையாது" என்றாள், யாரிடமும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல. "உறைஞ்சிருக்குன்னா தண்ணி கலந்திருக்கு. நிறையவே கலந்திருக்கு."

எனக்குப் பொறி தட்டியது. வாசலுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"டேய், ஃப்ரீசர்ல இருந்த பாட்டிலை என்னடா பண்ணின?"

"எந்த பாட்டில்?"

"நான் வந்து அறையறதுக்குள்ள சொல்லு."

வண்டிச் சத்தம் நின்றது. "கொஞ்சம் கொட்டிட்டு தண்ணி ஊத்தினேன்க்கா."

"கொஞ்சம்னா?"

"முக்கால்வாசி. எரியக் கூடாதுன்னுதான். நீ அந்தக் கையைக் கட்டோடதானக்கா பார்த்த. கட்டு மாத்தினவன் நான். அவ கத்தக்கூட மாட்டா, உதட்டைக் கடிச்சுக்குவா..."

"பெட்ரோல்ல தண்ணி கலந்து விக்கறவனை நீ என்ன திட்டு திட்டுவ? உன்னை யார்றா திட்டறது?"

அப்புறம் சின்னப் பையன் குரலில், "அவ வேலை போயிடுமாக்கா?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அவன்மேல் கொலைவெறியும் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. இந்த மடையனை எதில் சேர்ப்பது?

உள்ளே திரும்பியபோது என் தம்பி மனைவி முன்வரிசைக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் சந்து வழியாக ஒளிந்து வந்தவள்.

"அம்மா, உங்க கடையில காயம் துடைக்கிற ஸ்பிரிட் இருக்கும். ஒரு பாட்டில் வேணும். மீதிக் கலங்கல் இன்னும் இருக்கு. இப்பவே செஞ்சு பார்த்துடலாம்."

மருந்துக்கடை அம்மா எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ன தைரியம் உங்களுக்கு! என் கையாலயே ஸ்பிரிட்டை எடுத்து உங்க கையில தரணுமா? எம்பொண்ணு ஒரு தடவை குனிஞ்சதுக்கே..."

"அவ குனியலம்மா."

அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு மெதுவாகத்தான் வந்தன. ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது.

"டீச்சர்" என்றார் தாளாளர்.

"அவ தள்ளித்தான் நின்னா. தப்பு என்னுது. ஸ்பிரிட்டைச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வெச்சுத்தான் சூடாக்கணும், அதுவும் அடுப்பை அணைச்சுட்டு. தண்ணி கொதிக்கற வரைக்கும் பொறுக்க எனக்கு முடியல. மணி அடிச்சுடும்னு நேரா எரியற அடுப்பு மேலயே வெச்சேன். ஆவி பிடிச்சுக்கிச்சு."

"டீச்சர், போதும்."

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே எல்லார்கிட்டயும் அவ குனிஞ்சான்னு சொல்லிட்டாங்க. திரும்பி வந்தப்ப, இனி வாயைத் திறந்தா பள்ளிக்கூடத்துப் பேரும் போகும், என் வேலையும் போகும்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். ஒரு சின்னப் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டு நான் வாயை மூடிக்கிட்டேன்."

எங்களிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய என்னிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பள்ளி முற்றத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், பாவி, இப்போதாவது சொன்னாளே என்றும் இருந்தது.

மருந்துக்கடை அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா அவள் மணிக்கட்டை விட்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

"முடிஞ்சது" என்றார் தாளாளர். சாவி திரும்பவும் சட்டைப்பைக்குள் போனது. "எல்லாரும் கிளம்பலாம். டீச்சர், நீங்க என் ரூமுக்கு வாங்க."

யாரும் கிளம்பவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வேடிக்கை தொடங்கும்போதா போகும்? என் தம்பி மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் ஓடத் துடித்திருக்கும், ஆனால் நின்றாள். அந்தப் பெண் சுவரோரமாகவே நின்றாள், அம்மா பின்னால் போகவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. மருந்துக்கடை அம்மா திரும்பி வந்தாள், கையில் முத்திரை பிரிக்காத பாட்டில். மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். "மன்னிக்கல. ஆனா நுரையை நுரைன்னு சொன்னீங்க. சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் சாவி உங்ககிட்ட இருந்திருக்கும். எனக்கு எது நுரைன்னு என்ன தெரியும்?"

"ஐஸ்ல கொஞ்ச நேரம் வைக்கணும்மா."

"வைங்க. ஆனா ஊத்தறது நான். எம்பொண்ணு பக்கத்துல இருக்கறப்ப இந்த பாட்டிலை வேற யார் கையிலயும் தரமாட்டேன்."

குளிரும் வரை எல்லாரும் காத்திருந்தோம். தாளாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இவள் புதுக் குழாயில் மீதிக் கலங்கலை ஊற்றினாள், அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ வந்து குழாயைச் சாய்ச்சுப் பிடி" என்றாள். பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

மருந்து அளந்து ஊற்றிப் பழகிய கை. துளி சிந்தாமல், குழாயின் சுவரோடு, பூனை நடக்கிற மாதிரி இறங்கியது ஸ்பிரிட்.

"இன்னும் ஊத்துங்க. கலங்கலைப் போல ரெண்டு பங்கு வேணும்" என்றாள் டீச்சர். "போதும். இப்ப யாரும் தொடாதீங்க. குலுக்கினா நூல் அறுந்துடும்."

ஸ்பிரிட் தனியாக மேலே நின்றது. கீழே கலங்கல். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டையே எல்லாரும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நான் கும்பிடாத சாமி இல்லை. ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவுகிற அப்பா முக்காலியை விட்டு எழுந்து வந்து நின்றார்.

"அதோ" என்றாள் அந்தப் பெண்.

கோட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகளோடு ஒரு வெண்மை மெல்ல மேலே ஏறியது. நுரை மாதிரி அடையாக நிற்கவில்லை. இழை இழையாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறியது. டீச்சர் ஒரு மெல்லிய குச்சியை நீட்டினாள். பெண் அதை வாங்கிச் சுற்றினாள். வெள்ளையாக, வழவழவென்று, நூலாகவே குச்சியோடு நீண்டு வந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டச் சொல்லவில்லை. அவர்களாகவே தட்டினார்கள். நானும் தட்டினேன், அழுதுகொண்டே தட்டினேன், வெட்கமாக இல்லை.

"சாவியைக் குடுங்க சார்" என்றாள் மருந்துக்கடை அம்மா, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சரின்னா தர்றேன்னுதான சொன்னீங்க? சரின்னு சொல்றேன். எம்பொண்ணு இந்த ரூம்ல படிப்பா. சுடுதண்ணி கொதிக்கற வரைக்கும் டீச்சர் பொறுக்கறாங்களான்னு நான் நடுநடுவுல வந்து பார்ப்பேன். எம்பொண்ணைப் பத்தி நீங்க சொன்னதுக்கு உங்ககிட்ட பேசணும். எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல, எல்லார் முன்னாடியும்தான் பேசுவேன்."

தாளாளர் சாவியை மேசை மேல் வைத்தார். வெளியே போனார். அவர் அறையில் என் தம்பி மனைவிக்கு என்ன காத்திருக்கிறதோ, அது நாளைய கதை. இவள் சாவியை எடுக்கவில்லை. அம்மாவையும் மகளையுமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தம்மா மகளிடமிருந்து குழாயைத் தன் கைக்கு வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். ஸ்பிரிட் ஊற்றும்போது நடுங்காத கை இப்போது நடுங்கியது.

"நீ அன்னைக்கே சொன்ன" என்றாள். "குனியலம்மா, குனியலம்மான்னு அழுத. பொய் சொல்றியான்னு, கட்டுப் போட்ட தலையோட உன்னை அடிச்சேனேடி."

அந்தப் பெண் குழாயைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. முதல்ல டியூபை ஆட்டாம பிடி, அறுந்துடும்."

அந்தம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.